மந்திரவாதிக்கு எதுக்குய்யா ராக்கெட்? – தனியா புக் போடுற சயின்ஸ் ஃபேன்டஸி ஆளுங்க பத்தி

ஒரு வாசகர் கேட்டது – பிப்ரவரி 2, காலை 9:14

சொந்தமா அமேசான் கிண்டில்ல இ-புக் போடுற ஆளுங்கள்ல பாதிப் பேரு இப்ப ஒரே ஃபார்முலா. ஒரு பக்கம் மந்திரக்கோல், இன்னொரு பக்கம் ஸ்பேஸ்ஷிப். அறிவியலும் முழுசா தெரியாது, மாயாஜாலமும் உருப்படியா வராது. எடிட்டர்னு ஒருத்தர் இருந்திருந்தா முதல் நாளே "ரெண்டுல ஒண்ணை எடுப்பா"ன்னு சொல்லியிருப்பார். கேக்க ஆள் இல்லாததால சாம்பார்ல சேமியாவைக் கொட்டிட்டு புது ஐட்டம்னு பரிமாறுறாங்க. வில் வைட்னு ஒருத்தரை எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுறீங்களேன்னு அவரோட 'தி கேப்டன்' வாங்கினேன். கொஞ்ச பக்கத்துலயே மூடிட்டேன். இதுல என்னதான் இருக்கு, யாராவது சொல்லுங்க.

பிப்ரவரி 2, இரவு 10:47

பேசாம இருக்கலாம்னுதான் பார்த்தேன், ஏன்னா அண்ணன் திட்டுற கும்பல்ல நானும் ஒருத்தன். பகல்ல இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ். ராத்திரி எழுத்து. நான் போட்ட குறுநாவல்ல ஒரு கண்மாய், கண்மாய்க்கு ஒரு மடை, மடைக்கு ஒரு கருப்பு. அந்தக் கருப்பு யாருன்னா எப்பவோ வானத்துலேர்ந்து விழுந்து கரையில புதைஞ்சு போன ஒரு மெஷின், தண்ணி மட்டம் பார்த்து மடை திறக்க அதுக்குத் தெரியும், ஆனா சும்மா திறக்காது, முங்குற ஆளு தனக்குத் தெரிஞ்ச ஒரு பேரை அதுகிட்ட குடுத்துடணும், குடுத்த பிறகு அந்தப் பேருக்குரிய மனுசன் இவனுக்கு யாரோ எவரோ. ஊருக்கு அது சாமி. சர்வே பண்ண வர்ற பொண்ணுக்கு அது சர்க்யூட். கதை முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் சரிதான்.

இப்ப வில் வைட். அந்த ஆளு கேள்வி கேட்க யாருமில்லாம கிறுக்குறவர் இல்லண்ணே. சென்ட்ரல் ஃப்ளோரிடா யுனிவர்சிட்டில க்ரியேட்டிவ் ரைட்டிங்ல மாஸ்டர்ஸ் முடிச்சவர். 2013ல முதல் நாவலை தானே போட்டார். அப்புறம் 'கிரேடில்'னு ஒரு சீரிஸ், 2016லேர்ந்து 2023 வரைக்கும் 12 புக். எல்லாமே தன்னோட சின்ன கம்பெனி மூலமா, குடும்பத்து ஆளுங்களையும் கூட வச்சுக்கிட்டு. 'தி கேப்டன்' இன்னொரு சீரிஸோட முதல் புக். அதுல ஹீரோ வாரிக் ஒரு மந்திரவாதி, ஒரு பெரிய சடங்கு பண்றான், அதுல தன்னோட ஆறு வேற வேற வாழ்க்கையோட ஞாபகம் மொத்தமா இவன் மண்டைக்குள்ள வந்து இறங்குது. ஆறு வாழ்க்கையிலயும் ஆறு விதமான மந்திரத்துல ஆள் கில்லாடி ஆயிருக்கான், ஆனா ஆறுலயும் ஒவ்வொரு விதமா உலகம் அழிஞ்சு போச்சு. அந்த அழிவெல்லாம் இந்த வாழ்க்கையிலயும் வரிசையா வரப் போகுதுன்னு இவனுக்கு மட்டும் தெரியும். அதுக்குத்தான் கப்பல், அதுக்குத்தான் க்ரூ.

கவனிங்க, இதுல மந்திரத்தை எடுத்துட்டா அந்த ஞாபகம் வர வழியில்ல. கப்பலை எடுத்துட்டா தெரிஞ்சு வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, அழிவு வர்றது வேற வேற கிரகத்துலேர்ந்து. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு புடிச்சிட்டு நிக்குது. ஒட்டுப் போட்ட கதைக்கும் கலந்த கதைக்கும் எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் இவ்வளவுதான், எதாவது ஒண்ணை உருவிப் பாருங்க, மிச்சம் நின்னா அது ஒட்டு.

பிப்ரவரி 3, காலை 7:30

எடிட்டர் இருந்தா தடுத்திருப்பார்னு சொன்னீங்களே, அதுக்கு மட்டும் தனியா.

அமெரிக்காவுல அறிவியல் கதைக்கு ரொம்ப கறாரான எடிட்டர்னு பேரெடுத்தவர் ஜான் கேம்ப்பெல். அவரோட 'அனலாக்' பத்திரிகையில 1967 அக்டோபர்ல வந்தது ஆன் மெக்காஃப்ரியோட டிராகன் கதை. ஆமா, நெருப்பு கக்குற டிராகன், அது மேல சவாரி, கோட்டை, பிரபுக்கள் எல்லாம். அடுத்த வருசம் அதுக்கு ஹியூகோ விருது, அறிவியல் கதை உலகத்துல பெரிய விருது அது, புனைவுக்கு ஹியூகோ வாங்கின முதல் பொம்பளை அவங்கதான். விசயம் என்னன்னா அந்த டிராகன் எல்லாம் வேற கிரகத்துல குடியேறின மனுசங்க அங்க இருந்த சின்ன பிராணியை ஜீன் மாத்தி வளர்த்தது, குடியேறினவங்களோட வாரிசுக்கே அது மறந்து போச்சு. வானத்துலேர்ந்து விழுற ஒரு உயிரி எல்லாத்தையும் தின்னுடும், அதை எரிக்கத்தான் நெருப்பு.

அதனால கறாரான எடிட்டரும் விட்டிருக்கார், விட்டு விருதும் வந்திருக்கு. தடுக்கிறது எடிட்டர் இல்ல. கடையில எந்த அலமாரில வைக்கிறதுன்னு கேக்குற விற்பனை ஆளு.

பிப்ரவரி 3, காலை 7:52

ஒருத்தர் தனி மெசேஜ்ல கேட்டார், "அப்ப ஸ்டார் வார்ஸும் இதே கேட்டகிரியா"ன்னு. ஆமாங்க. 1977. வாள் சண்டை, வயசான குரு, இளவரசி, எல்லாம் விண்வெளில. அதுல வர்ற 'ஃபோர்ஸ்'ங்கிற மாய சக்தியை யாரும் கேள்வி கேக்கல. 1999ல வந்த படத்துல அது ரத்தத்துல இருக்கிற ஏதோ நுண்ணுயிரோட எண்ணிக்கைன்னு லேப் ரிப்போர்ட் குடுத்தாங்க, பழைய ரசிகர்கள் இன்னைக்கு வரைக்கும் மன்னிக்கல.

பிப்ரவரி 3, இரவு 11:35

கடை மூடிட்டு வந்து மறுபடி உக்காந்தேன். காலைல எழுதின அந்த ரத்தப் பரிசோதனை விசயம் மண்டையிலயே ஓடுது. டிராகனுக்கு ஜீன் விளக்கம் குடுத்தப்ப ஏன் யாரும் கோவப்படல, இதுக்கு மட்டும் ஏன் கோவம்?

நான் நினைக்கிறது, டிராகன் விளக்கத்துல கதை பெருசாச்சு. தாங்க யாருன்னே மறந்து போன ஒரு ஜனம், வேற எங்கேர்ந்தோ வந்தவங்கன்னு தெரியறப்ப முன்னாடி படிச்ச எல்லாமே திரும்பிப் பார்க்க வைக்குது. அந்தப் படத்துல விளக்கம் வந்ததும் கதை சுருங்கிடுச்சு, அதுவரைக்கும் யாரு வேணா உழைச்சு அடையலாம்னு இருந்தது இப்ப பொறப்புலயே அளந்து வச்சதா ஆயிடுச்சு. நம்ம ஊர்க்காரனுக்கு இதுல எங்க உறுத்தும்னு தனியா சொல்ல வேணாம்.

அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் சொன்னதுன்னு எல்லாரும் எடுத்து விடுவாங்கல்ல, ரொம்ப முன்னேறின தொழில்நுட்பம் மந்திரம் மாதிரியே தெரியும்னு. அவரு 1956லேர்ந்து சாகுற வரைக்கும் இலங்கையில இருந்த மனுசன், அதனால நமக்குக் கொஞ்சம் பக்கத்து வீட்டுக்காரர்தான், ஆனாலும் அந்த வரியை வச்சு எழுத வர்றவங்க பாதிப் பேர் சோம்பேறி ஆயிட்டாங்க. "எல்லாம் டெக்னாலஜிதான், உனக்குப் புரியல"ன்னு ஒரு வரில முடிச்சுடறாங்க. புரியாம இருக்கலாம், ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கணும், அந்த விலையை யாரு குடுக்கிறாங்கன்னு தெரியணும். என் கதையில பேரைக் குடுக்கணும்னு வச்சேன்ல, அது முதல் டிராஃப்ட்ல கிடையாது. கருப்பு கேட்டா திறக்கும், அவ்வளவுதான். படிச்சுட்டு என் மச்சான் கேட்டான், "அப்ப ஊருக்கு என்ன பிரச்சனை, தினம் போய் கேக்க வேண்டியதுதானே?" பதில் இல்ல. அன்னைக்கு ராத்திரிதான் பேர் விசயம் வந்துச்சு.

பிப்ரவரி 5, மாலை 6:20

"நம்ம சாமிய எடுத்து வெள்ளக்காரன் கதை பண்ணா சும்மா இருப்பீங்களா"ன்னு ஒரு தம்பி சூடா கேட்டிருந்தாப்ல. பண்ணிட்டான் தம்பி, 1967லயே. ராஜர் ஜெலாஸ்னி, 'லார்ட் ஆஃப் லைட்', 1968 ஹியூகோ.

கதை என்னன்னா 'ஸ்டார் ஆஃப் இந்தியா'ன்னு ஒரு கப்பல்ல ஒரு கிரகத்துக்கு வந்து இறங்கின க்ரூ, அங்க இருக்கிற ஜனங்களுக்கு தாங்களே பிரம்மா, எமன், காளின்னு தெய்வமா உக்காந்துக்கறாங்க. மறுபிறவி நிஜமா நடக்குது, எப்படின்னா மனசை ஒரு உடம்புலேர்ந்து இன்னொரு உடம்புக்கு மாத்துற மெஷின் இருக்கு. ஆனா அடுத்த உடம்பு வாங்குறதுக்கு முன்னாடி உன் மனசை ஸ்கேன் பண்ணுவாங்க, எதிர்த்துப் பேசினவனா இருந்தா மட்டமான உடம்பு. கர்மா ஒரு ஆஃபீஸ் ஆயிடுச்சு! கோயில்ல காசு போட்டா உன் கணக்குல பிரார்த்தனை ஏத்துற மெஷின் வேற. கீழ இருக்கிற ஜனம் அச்சு இயந்திரம் கண்டுபிடிச்சா அழிச்சுடுவாங்க, கழிவறை ஃப்ளஷ் கண்டுபிடிச்சாக் கூட விடமாட்டாங்க. அதை எதிர்த்து நிக்கிற ஆளு சாம், அவன் புத்தரா வேஷம் கட்டுறான், நம்பிக்கை இல்லாமத்தான் ஆரம்பிக்கிறான்.

எனக்கு முதல் தடவை படிக்கிறப்ப கோவம் வந்தது நிஜம். பேரெல்லாம் நம்ம பேரு, பேசுறது அமெரிக்க நையாண்டி. சில இடத்துல ஊர்த் திருவிழாவை தூரத்துல பஸ் ஜன்னல் வழியா பார்த்துட்டு எழுதின ஃபீலிங். ஆனா அந்த மறுபிறவி ஆஃபீஸ் இருக்கே, அதைப் படிச்சுட்டு கீழ வைக்க முடியல. யாரு மேல பொறக்கணும், யாரு கீழ பொறக்கணும்னு ஒரு கவுன்ட்டர்ல உக்காந்து ஒருத்தன் முடிவு பண்றான்னு எழுதினா அது நமக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷனா, நேத்து நடந்ததா? இதை நம்ம ஆளு ஒருத்தர் எழுதியிருக்கணும்னு பொறாமைதான் கடைசியில மிஞ்சுச்சு.

இது அறிவியல் கதையாவும் படிக்கலாம், மாயக் கதையாவும் படிக்கலாம்னு வேணும்னே அப்படி எழுதினதா ஜெலாஸ்னியே சொல்லியிருக்கார். ஒரு கூடுதல் தகவல், இந்த நாவலை வச்சு எழுதின திரைக்கதையைத்தான் 1980ல அமெரிக்க உளவுத்துறை சிஐஏ எடுத்து 'ஆர்கோ'ன்னு பேர் மாத்தி, சினிமா எடுக்க வந்த கனடாக்காரங்க மாதிரி நடிச்சு டெஹ்ரான்ல ஒளிஞ்சிருந்த ஆறு அமெரிக்கர்களை வெளியே கூட்டிட்டு வந்தாங்க. கலந்து கட்டின கதை உயிரைக் காப்பாத்தியிருக்குண்ணே, உங்க சாம்பார் இதைப் பண்ணுமா?

பிப்ரவரி 5, இரவு 9:05

அந்த சிஐஏ திரைக்கதையை ஏர்போர்ட்ல கேட்டா காட்டுறதுக்குன்னு வச்சிருந்தாங்க, படம் எடுக்கல. நிஜமா படம் வந்திருச்சான்னு தேடாதீங்க. 2012ல வந்தது அந்த மீட்பு பத்தின படம், நாவலோட கதை இல்ல.

பிப்ரவரி 8, மதியம் 2:15

காசு பத்தி ரெண்டு பேர் கேட்டாங்க. சுருக்கமா.

கிண்டில்ல 2.99 டாலர்லேர்ந்து 9.99 டாலருக்குள்ள விலை வச்சா 70 சதவீத ராயல்டி, அதுக்கு வெளியே 35. நம்ம இந்தியா விற்பனைக்கு 70 வேணும்னா அமேசானோட செலக்ட்ங்கிற திட்டத்துல சேரணும், சேர்ந்தா 90 நாளைக்கு அந்த இ-புக்கை வேற எங்கயும் விக்கக் கூடாது. அந்த 90 நாள்ல 5 நாள் இலவசமா விட்டுக்கலாம். கிண்டில் அன்லிமிடட்ல, அதாவது சந்தா கட்டிப் படிக்கிறவங்க எத்தனை பக்கம் படிச்சாங்களோ அத்தனை பக்கத்துக்குக் காசு. ஐஎஸ்பிஎன், அதான் புத்தகத்துக்கான அடையாள எண், நம்ம நாட்டுல இலவசம், ராஜா ராம்மோகன் ராய் பேர்ல இருக்கிற ஏஜென்சில விண்ணப்பிக்கணும். எவனாவது ஐஎஸ்பிஎன் வாங்கித் தர்றேன்னு காசு கேட்டா ஓடிடுங்க.

எனக்கு எவ்வளவு வந்துச்சுன்னா, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்கற செலவு சரியாப் போச்சு. அடுத்த கேள்வி.

பிப்ரவரி 8, இரவு 11:58

அடுத்த கேள்விதான் பெருசு. அட்டை.

முதல்ல அட்டையில ஸ்பேஸ்ஷிப் மாதிரி ஒண்ணு போட்டோம், கீழ கண்மாய், மேல விண்கலம், நீல வெளிச்சம். சுஜாதா படிச்சு வளர்ந்த ஆளுங்க ரெண்டு மூணு பேர் வாங்கினாங்க. அவங்க எதிர்பார்த்தது சர்க்யூட், லாஜிக், கடைசியில ஒரு ட்விஸ்ட். இவனைப் பார்த்தா கருப்புக்கு சுருட்டு வைக்கிறான், கெடா வெட்டுறான். "அறிவியல் எங்கப்பா"ன்னு ரிவ்யூ. சரின்னு அட்டையை மாத்தினோம். அருவா, மீசை, குதிரை, தீப்பந்தம். வரைஞ்ச தம்பி பிரமாதமா வரைஞ்சாப்ல. இப்ப வந்தவங்க வேற மாதிரி. ஒரு அம்மா "குலதெய்வ வரலாறுன்னு நினைச்சு எங்க அத்தைக்கு வாங்கிக் குடுத்தேன், உள்ள ரோபோ வருது"ன்னு ஒரு ஸ்டார் போட்டுட்டாங்க. அந்த அத்தை முழுசா படிச்சு முடிச்சாங்களாம், அது வேற விசயம், அதையும் அதே ரிவ்யூல எழுதியிருந்தாங்க.

இதுதான் தனியா போடுற ஆளோட நிஜமான பிரச்சனை. எழுதுறப்ப எந்த அலமாரியும் இல்ல, சுதந்திரம். விக்கிறப்ப அலமாரி திரும்பி வந்துடுது, மூணு வகை தேர்ந்தெடுன்னு ஒரு பொட்டி வருது, அட்டை ஒரே ஒரு படம்தான். சாமியும் இயந்திரமும் ஒரே உருவம்னு கதையில எழுதறது சுலபம், ஸ்டாம்ப் சைஸ் படத்துல அதைக் காட்டறது எப்படின்னு எனக்கு இன்னும் பிடிபடல. இப்ப வெறும் மடை மட்டும் இருக்கு, அதுக்குள்ள ஒரு சின்ன சிவப்பு எல்ஈடி. விற்பனை ஏறல, திட்டு குறைஞ்சிருக்கு.

பிப்ரவரி 9, காலை 8:10

வைட் இதை எப்படி சமாளிக்கிறார்னு பார்த்தா, அவருக்கு 12 புக் படிச்ச ஆளுங்க ஏற்கனவே இருக்காங்க. பழைய புக்கை இடையிடையே இலவசமா விட்டு விட்டு சேர்த்த கூட்டம். அவங்க அட்டையைப் பார்க்கிறதே இல்ல, பேரைப் பார்த்து வாங்குறாங்க. அதனால "கலந்தாலும் ஓடும்"னு அவரை உதாரணம் காட்டறது பாதிதான் நியாயம். முதல்ல ஒரே ரகத்துல ஒரு நீளமான சீரிஸ் எழுதி நம்பிக்கை வாங்கிட்டு அப்புறம் ஸ்பேஸ்ஷிப்பை இறக்கினார். 'கிரேடில்'லயே மேல வானத்துல ஒரு கூட்டம் இருக்கும், உலகங்களை நிர்வாகம் பண்ற ஆளுங்க, அதுல ஒருத்தருக்கு கம்ப்யூட்டர் அசிஸ்டன்ட் மாதிரி ஒண்ணு கணக்கு போட்டு சொல்லும். அங்கேயே விதை போட்டாச்சு. சண்டை பழகுற பையன் கதைன்னு நினைச்சுப் படிக்கிறவனுக்கு முதல் புக்லயே ஒரு நிமிசம் கதவைத் திறந்து காட்டிட்டு மூடிடுவார்.

பிப்ரவரி 9, காலை 8:31

ஆங், இதுக்கு நேர் எதிர் மாட் டின்னிமன். இவரைப் பத்தி நீளமா எழுதணும், இப்ப கடைக்கு லேட்.

பிப்ரவரி 9, இரவு 10:40

டின்னிமன் பூனை கண்காட்சிகள்ல படம் வரைஞ்சு வித்துட்டு இருந்தவர். 2020ல கொரோனா வந்து கண்காட்சி எல்லாம் படுத்துடுச்சு. அந்த சமயத்துல ராயல் ரோடுங்கிற சைட்ல அத்தியாயம் அத்தியாயமா போட்டுட்டு இருந்த கதைதான் 'டஞ்சன் க்ராலர் கார்ல்'. ஆரம்பம் கேளுங்க. குளிர்கால நடுராத்திரி, முன்னாள் காதலியோட பூனை ஜன்னல் வழியா குதிச்சு மரத்துல ஏறிடுது, அதைப் பிடிக்க கார்ல்ங்கிறவன் ஜட்டியோட வெளியே வர்றான். அந்த நேரம் பார்த்து பூமியில கூரை இருக்கிற எல்லாக் கட்டடமும் ஒரே நொடில அமுங்கிப் போயிடுது. வெளியே இருந்தவன் மட்டும் மிச்சம். வேற்றுக்கிரக கம்பெனி ஒண்ணு சட்டப்படி உரிமை கோரி பூமியோட தாதுவை எடுத்துக்குச்சு, மிச்சம் இருக்கிறவங்க 18 தளம் இருக்கிற பாதாளத்துக்குள்ள இறங்கி சண்டை போடலாம், அது கேலக்ஸி முழுக்க ரியாலிட்டி ஷோவா ஓடும்.

உள்ள போனா கோப்ளின்ங்கிற குட்டிப் பூதம், மந்திரம், மருந்து, லெவல், பரிசுப் பொட்டி. பூனை பேச ஆரம்பிச்சுடும், பேசறது மட்டும் இல்ல, மகாராணி மாதிரி அதிகாரம் பண்ணும். இதெல்லாம் நடத்துறது ஒரு ஏஐ, அதுக்கு கார்லோட வெறுங்கால் மேல ஒரு மாதிரி மயக்கம், அதனால அவனுக்கு செருப்பே கிடைக்காது. கேக்க கோமாளித்தனம். ஆனா அந்த கோப்ளினுக்கும் ஒரு பழைய வாழ்க்கை இருக்கு, அதையும் எங்கேர்ந்தோ பிடிச்சுட்டு வந்து ஷோவுக்காக மாத்தியிருக்காங்கன்னு மெதுவா தெரியறப்ப சிரிப்பு நின்னுடும். மந்திரத்துக்குப் பின்னாடி இருக்கிறது விஞ்ஞானம் கூட இல்ல, கம்பெனி, டிவி உரிமை, ஸ்பான்சர். யாரு விலை குடுக்கிறாங்கன்னு மேல எழுதினேன்ல, இவரு அதைக் கதையாவே ஆக்கிட்டார்.

தானே போட்டுட்டு இருந்தவரை 2024ல ஏஸ் பதிப்பகம் ஹார்ட்கவரா எடுத்துக்குச்சு. இ-புக் உரிமையை மனுசன் கையிலயே வச்சுக்கிட்டார். இதுக்கு முன்னாடி 2012ல ஹியூ ஹோவின்னு தானே புக் போட்ட இன்னொரு எழுத்தாளர் அச்சு உரிமையை மட்டும் குடுத்து இ-புக்கை வச்சுக்கிட்டது இதே கணக்குதான். இதைப் படிச்சுட்டு நம்ம ஊர்ல ஒரு பதிப்பாளர்கிட்ட இப்படிக் கேட்டுப் பார்த்தேன். டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டார்.

எழுத்து பத்தி ஒரு விசயம். இவரு வைட் மாதிரி கதவை லேசா திறந்து மூடல. ரெண்டு கையையும் முதல் சில பக்கத்துலயே காட்டிட்டார். பெரிய பேர் இல்லாத ஆளுக்கு இதுதான் வழின்னு எனக்குத் தோணுது. கிண்டில்ல சாம்பிள்னு குடுக்கிறது ஆரம்பத்துல இருக்கிற கொஞ்ச பக்கம்தான். அதுக்குள்ள சாமியும் வரணும், சர்க்யூட்டும் வரணும். நாப்பதாவது பக்கத்துல "அட இது ஸ்பேஸ்ஷிப்"னு சொன்னா வாசகன் அதை ட்விஸ்ட்டா எடுத்துக்க மாட்டான், ஏமாத்துனதாத்தான் எடுத்துப்பான். அந்த அத்தைக்கு நடந்தது அதுதான்.

பிப்ரவரி 10, காலை 6:45

தூங்கி எழுந்ததும் இது முழுசா சரியான்னு சந்தேகம். ஜீன் வுல்ஃப்னு ஒருத்தர் இருந்தாரே. இன்ஜினியர், பிரிங்கிள்ஸ் சிப்ஸ் பண்ற மெஷின்ல வேலை பார்த்தவர். 1980ல அவரு போட்ட நாவல்ல சித்திரவதை பண்றவங்க சங்கம் ஒரு கோட்டைக்குள்ள இருக்கு, ஆரம்பிக்கிறப்ப பழைய காலத்து ராஜா கதை மாதிரி இருக்கும். அந்த சங்கம் இருக்கிற கோபுரம் பழைய ராக்கெட்னு அவர் சொல்லவே மாட்டார். ஒரு இடத்துல பழைய ஓவியம் ஒண்ணைப் பையன் பார்க்கிறான், பாலைவனத்துல கவசம் போட்ட வீரன், முகத்துல தங்கக் கண்ணாடி, பக்கத்துல விறைப்பா நிக்கிற கொடி. அவனுக்கு அது யாரோ வீரன். நமக்குத்தான் அது நிலாவுல நிக்கிற மனுசன்னு தெரியும். படிக்கிறப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

அவரு ரெண்டு கையையும் காட்டலையே? மறைச்சுத்தானே வச்சார்?

பிப்ரவரி 10, மதியம் 1:30

சாப்பிடறப்ப யோசிச்சேன். வுல்ஃப் மறைச்சது விளக்கத்தை. பொருளை மறைக்கல. ஓவியம் கண்ணு முன்னாடி இருக்கு, கொடி இருக்கு, கண்ணாடி இருக்கு, எல்லாத்தையும் காட்டிட்டுப் பேரை மட்டும் சொல்லல. படிக்கிறவன் தானே கண்டுபிடிச்ச சந்தோசம் அவனுக்கு. ஆக, கையைக் காட்டணும்னு நான் சொன்னது அப்படியே இருக்கட்டும், கையில இருக்கிறது என்னன்னு சொல்லித்தான் ஆகணும்னு இல்ல. ஆனாலும் அவருக்கு அச்சுப் பதிப்பகம் இருந்தது, கடையில எடுத்து வைக்க ஆள் இருந்தது, பொறுமையா படிக்கிற விமர்சகர்கள் இருந்தாங்க. புதுசா ஒருத்தர் இன்னைக்கு அந்த மாதிரி எழுதி தானே போட்டா, ரெண்டாவது பக்கத்துல அண்ணன் மூடிடுவார். (கோவிச்சுக்காதீங்கண்ணே.)

பிப்ரவரி 12, இரவு 9:50

"தமிழ்ல இதுக்கு முன்னோடியே இல்லையே, எல்லாம் இறக்குமதி"ன்னு ஒரு சார் எழுதியிருந்தார். சீவக சிந்தாமணி சார். மயிற்பொறி.

சச்சந்தன் ராஜா, மந்திரி கட்டியங்காரன் கவுத்துடுவான்னு தெரிஞ்சதும் மயில் உருவத்துல ஒரு பறக்கிற பொறி செய்யச் சொல்றான். கர்ப்பமா இருக்கிற ராணி விசயைக்கு ஓட்டக் கத்துக் குடுக்கிறான். வலது பக்கம் திருகினா மேல போகும், இடது பக்கம் திருகினா இறங்கும். பாருங்க, ஆயிரம் வருசத்துக்கு முந்தி திருத்தக்க தேவர் கண்ட்ரோல் எப்படின்னு எழுதியிருக்கார், பழகின பிறகுதான் ஓட்ட முடியும்னும் எழுதியிருக்கார். அப்புறம் அவ பறக்கிறப்ப கீழ வெற்றி முரசு கேக்குது, புருசன் செத்துட்டான்னு புரிஞ்சு மயங்குறா, கை தளருது, பொறி தானா இறங்கி சுடுகாட்டுல நிக்குது. சீவகன் அங்கதான் பொறக்கிறான். காவியத்தோட ஹீரோ சுடுகாட்டுல பொறந்ததுக்குக் காரணம் ஒரு மெஷினோட இயங்கு விதி. மந்திர மயிலா இருந்திருந்தா அவளைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டு போய் விட்டிருக்கும். மெஷின்ங்கிறதால கை தளர்ந்தா இறங்குது, எங்க இறங்குறோம்னு அதுக்குக் கவலை இல்ல.

அதே காவியத்துல தெய்வம் வந்து உதவுறதும் இருக்கு, சுடுகாட்டுல தோழி வடிவத்துல வந்து நிக்குது. ஒரே காட்சில பொறியும் தெய்வமும். இதுக்கு மேல என்ன சார் முன்னோடி வேணும்?

பிப்ரவரி 12, இரவு 10:02

தயவு செஞ்சு "அப்பவே நம்மகிட்ட ஏரோப்ளேன் இருந்துச்சு"ன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. இருந்துச்சுன்னா அது கற்பனை பண்ணின ஆளோட பெருமையைக் குறைக்கிற பேச்சு. அவரு யோசிச்சார், அதான் விசயமே.

பிப்ரவரி 12, இரவு 10:20

ஆரம்பிச்சுட்டாங்க.

பிப்ரவரி 15, மாலை 7:15

கேள்வி கேட்ட அண்ணன் திரும்பி வந்து, 'தி கேப்டன்' மறுபடி எடுத்து பாதி வரைக்கும் போயிட்டதாவும், இன்னும் பிடிக்கலன்னும், ஆனா நிறுத்த முடியலன்னும் எழுதியிருக்கார். நியாயமான விமர்சனம். எனக்கும் அதுல ஹீரோ எல்லாத்தையும் சுலபமா ஜெயிக்கிற மாதிரி இருக்கிறது கொஞ்சம் உறுத்தல்தான், ஆறு வாழ்க்கை ஞாபகத்துக்கு அவன் குடுக்கிற விலை பத்தல. தூக்கத்துல உளர்றான், ஆளுங்களை முன்கூட்டியே தெரியும்ங்கிறதால அவங்ககிட்ட இயல்பா பழக முடியல, அதை இன்னும் தோண்டியிருக்கலாம். அந்த இடத்துல நல்லா கத்தி வைக்கத் தெரிஞ்ச எடிட்டர் ஒருத்தர் இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்னு ஒத்துக்கறேன். ஆனா "ரெண்டுல ஒண்ணை எடு"ன்னு சொல்ற எடிட்டர் இல்லண்ணே. "ஏன் இவனுக்கு வலிக்கல"ன்னு கேக்குற எடிட்டர். எனக்கு அது என் மச்சான், சம்பளம் கிடையாது, பரோட்டா மட்டும்.

பிப்ரவரி 15, மாலை 7:40

எதுலேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்ட தங்கச்சிக்கு: இங்கிலீஷ் வேகமா படிக்க வரும்னா டின்னிமன். பொறுமை இருந்தா டிராகன் கதை. ஜெலாஸ்னி நடுவுல குழப்பும், முதல் அத்தியாயத்துக்கு அப்புறம் கதை பின்னாடி போய்த் தொடங்கும், அதைத் தெரிஞ்சுக்கிட்டே படிங்க. வுல்ஃப் இப்ப வேணாம்.

டின்னிமனை ஆடியோவுல கேளுங்க, ஜெஃப் ஹேஸ் ஒரே ஆளு பூனை, ஏஐ, கார்ல் எல்லாத்துக்கும் தனித்தனிக் குரல்ல பின்னியிருக்கார். ஹெட்ஃபோன் கட்டாயம் போட்டுக்கங்க, பஸ்ல ஸ்பீக்கர்ல விட்டீங்கன்னா அந்த ஏஐ பேசுற பேச்சுக்கு கண்டக்டர் அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்டுடுவார்.